உணர்ச்சியிலர் என்று எண்ணப்பட்டோர்

ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளில் ஒரு மக்கட் பிரிவின் வரலாறாகவே அமைந்து விடுகிறது. அச்சொல்லை வழங்கியவர் எதைக் கருதி வழங்கினாரோ, அதுவே பின்வந்தோர் கண்ணுக்குத் திரையாகவும் ஆகிவிடுவதுண்டு. ‘ஆட்டிசம்’ என்பது அத்தகைய சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் மேசைக்கு அச்சொல் முதன்முதல் வந்தபோது அதற்குத் தமிழ் தேடினேன். மதியிறுக்கம் என்றனர் சிலர். புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்றனர் வேறு சிலர். இரண்டும் என் மனத்துக்கு அமைதி தரவில்லை. மதி இறுகியவர்களா இவர்கள்? புற உலகை எண்ணாதவர்களா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வரலாற்றை நான் புரட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தில்லியில் எங்கள் அரசாங்கக் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவருக்கு ஒரு மகன். அப்போது வயது 17. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தமிழர் கூடிப் பொங்கல் விழா எடுத்தோம். ஒலிபெருக்கி திடீரென்று கீச்சிட்டது. பிள்ளைகள் சிரித்தனர்; பெரியவர்கள் காதைப் பொத்திக் கொண்டனர். அந்த இளைஞன் மட்டும் அலறியெழுந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு தரையிற் சாய்ந்தான். தாயார் அவனை அணைத்து வெளியே கொண்டு சென்றார். பின்னாலிருந்து ஒரு குரல், “கண்டித்து வளர்த்திருந்தால் இப்படி வருமா?” என்றது. மற்றொரு குரல், “இத்தகைய பிள்ளைகளுக்கு உணர்ச்சியே கிடையாதாமே!” என்றது. இவ்விரண்டு கூற்றும் எங்கள் குடியிருப்பிற் பிறந்தவை அல்ல. படித்த மருத்துவ அறிஞர்களே ஒரு காலத்தில் எழுதி வைத்தவற்றின் எதிரொலிகளே அவை.

ஸுரிச் நகரத்து மனநோய் மருத்துவரான ஓய்கன் புளூலர், 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை ஆண்டார். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து பிறந்தது அச்சொல். மனச்சிதைவுற்ற நோயாளர் வெளியுலகை விட்டுத் தம்முள்ளே ஒடுங்கிக் கொள்வதை அவர் அவ்வாறு குறித்தார். குழந்தைகளைப் பற்றிய பேச்சே அப்போது இல்லை. 1925இல் மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், தம் மருத்துவப் பள்ளியில் கண்ட 6 சிறுவரைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்று கூறும் இயல்புகள் பெரும்பாலும் அவர் எழுத்திலே காணப்படுகின்றன. மறு ஆண்டே அது ஜெர்மன் மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததோ 1996இல்! மொழிபெயர்ப்பார் இன்மையால் ஒரு பேரறிவு 70 ஆண்டுகள் பெட்டியிற் கிடந்தது என்று எண்ணும்போது, என் போன்றோர்க்கு நெஞ்சு கனக்கிறது.

உலகம் அறிந்த தொடக்கம் 1943ஆம் ஆண்டினது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய லியோ கானர், 8 சிறுவர், 3 சிறுமியர் ஆக 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறரோடு உணர்ச்சித் தொடர்பு கொள்ளும் ஆற்றல் இக்குழந்தைகளிடம் பிறவியிலேயே குறைந்துள்ளது என்பது அவர் கண்ட முடிபு. கட்டுரையின் தலைப்பிலேயே அக்கருத்து இடம் பெற்றது. ‘உணர்ச்சியற்ற பிள்ளைகள்’ என்ற பேச்சு பரவியது இதன் பின்னரே. ஆயின் அதே கட்டுரையைக் கூர்ந்து படிப்போர் வேறொன்றையும் காண்பர். தூசி உறிஞ்சும் பொறியின் இரைச்சலைக் கேட்டு நடுங்கிய குழந்தை அதில் உண்டு. பொருள்கள் இருந்த இடம் மாறினால், அன்றாட ஒழுங்கு சிறிது பிறழ்ந்தால், ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்த குழந்தைகள் உண்டு. அச்சமும் துயரும் உணர்ச்சிகள் அல்லவோ? அக்குழந்தைகளிடம் உணர்ச்சி இருந்தது. அதைத் தணிக்கும் வழியே அவர்களுக்குக் கிட்டவில்லை. கானரின் கண் அதனைக் கண்டது. அவருடைய கோட்பாடோ அதனைக் கடந்து சென்றது.

அந்த 11 பேரில் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரினர். கல்லூரியிற் படித்து, வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்து, கோல்ப் ஆடி, பல நாடுகளுக்குத் தனியே சென்று வந்து, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவருடைய விந்தையான இயல்புகளை ஊரார் இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர் என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

கானருக்கு ஓராண்டு பின்னர், 1944இல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 4 சிறுவரைப் பற்றி எழுதினார். நன்றாகப் பேசக் கூடியவர்களிடத்தும் இவ்வியல்பு உண்டென்பதை அக்கட்டுரை காட்டியது. இதுவும் போர்க் காலத்து ஜெர்மன் மொழியில் முடங்கி, 1991இல்தான் ஆங்கில வடிவம் பெற்றது. ஆஸ்பெர்கரின் பெயர் ஒரு காலத்தில் பெரிதும் போற்றப்பட்டது. நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்குச் சில குழந்தைகளை அனுப்பியதில் அவருக்கும் பங்கு இருந்தது என்பதை 2018இல் வெளியான ஆவண ஆராய்ச்சி காட்டிற்று. வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் அறமன்று.

இனித் தாய்மார்கள் மேல் வீழ்ந்த பழியைக் கூற வேண்டும். பெற்றோரின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்ற கருத்து 1950களிலும் 1960களிலும் மேனாடுகளில் ஓங்கி நின்றது. குளிர்ப்பெட்டி போன்ற தாய்மார் என்றே இகழ்ந்தனர். சிகாகோவிலிருந்த புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அப்பழியை நாடெங்கும் பரப்பியது. அதற்கு முன்னரே, 1964இல், பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலார் இது உடலமைப்பைச் சார்ந்த நிலை என்று வாதாடியிருந்தார். அவரும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையே. 1969இல் கானர் பெற்றோர் மாநாடு ஒன்றில், பெற்றோர்மீது குற்றமில்லை என வெளிப்படையாக அறிவித்தார். 1977இல் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, பரம்பரையின் பங்கு பெரிது என நிறுவினர். பழி அறிவுலகில் நீங்கிற்று. ஆனால் எங்கள் பொங்கல் மன்றத்தில் அது இன்னும் நீங்கவில்லை என்பதை மேலே கண்டோம்.

அடுத்து வந்தது நடத்தையைத் திருத்தும் காலம். கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்பவர் 1960களில், விரும்பத்தக்க செயலுக்குப் பரிசு, விரும்பத்தகாத செயலுக்குத் தண்டனை என்ற முறையில் பயிற்சி அளித்தார். தண்டனையில் அறையும் மின்னதிர்ச்சியும் அடங்கும். பல பிள்ளைகள் பேசக் கற்றனர் என்பது உண்மை. ஆயினும் பிள்ளை ஏன் அலறுகிறான் என்ற வினா அங்கு எழவில்லை. அலறலை எவ்வாறு நிறுத்துவது என்பதே வினாவாக இருந்தது. இதற்கு மாறாக வட கரோலினாவில் எரிக் ஷோப்ளர், பெற்றோரையே துணை மருத்துவராகக் கொண்டு, பிள்ளையின் இயல்புக்கேற்பச் சூழலை ஒழுங்குபடுத்தும் முறையை வளர்த்தார். அடுத்து நடக்கப் போவது என்ன என்பதைப் படங்களாலும் அட்டைகளாலும் முன்னரே காட்டினால் பதற்றம் குறையும் என்பது அம்முறையின் கூறு. 1972இல் அது அம்மாநில அரசின் திட்டமாகவே ஏற்கப்பட்டது.

உணர்ச்சியை ஆளும் வழியை மருத்துவர்கள் தேடிக் கொண்டிருந்த அக்காலத்தில், ஆட்டிசம் உடைய ஓர் இளம்பெண் தானே ஒரு வழி கண்டாள். அவள்தான் டெம்பிள் கிராண்டின். பிறந்தது 1947. பருவ வயதில் காரணமற்ற பேரச்சம் அவளை ஓயாது வாட்டிற்று. அரிசோனாவில் சிற்றன்னை முறையினர் ஒருவரின் கால்நடைப் பண்ணைக்குச் சென்றிருந்தபோது, தடுப்பூசிக்காக மாடுகளை இருபுறமும் பலகையால் மெல்ல அழுத்திப் பிடிக்கும் கூண்டினைக் கண்டாள். திமிறிய மாடுகள் அவ்வழுத்தத்தில் அமைதியுறுவதும் கண்டாள். தானும் அதனுட் புகுந்து பார்த்தாள். நெஞ்சின் படபடப்பு அடங்கிற்று. 18 வயதில் தனக்கென அத்தகைய பொறியொன்றைப் பலகையால் தானே செய்துகொண்டாள். அது கூடாத பழக்கம் என்று சுற்றியிருந்தோர் அஞ்சினர், தடுக்கவும் முயன்றனர். ஓர் அறிவியல் ஆசிரியர் மட்டும், அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்பதை நீயே ஆராய்ந்து காட்டு என்று ஊக்கினார். அவ்வூக்கம் வீண்போகவில்லை. அவர் கால்நடை அறிவியற் பேராசிரியர் ஆனார். 1986இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1992இல் ஆழ்ந்த அழுத்தத்தின் பயனைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார். உள்ளிருந்து வந்த இக்குரலுக்குப் பின்னரும், இவர்களுக்கு உணர்ச்சியில்லை என்று கூறல் இயலுமோ?

1981இல் லண்டன் மருத்துவர் லோர்னா விங், ஆஸ்பெர்கரின் சிறுவரைப் பற்றி எழுதி உலகின் நினைவைப் புதுக்கினார். அதன் பயனாக, பேசவும் படிக்கவும் வல்ல இளைஞர் பலர் ஆட்டிசம் உடையவர் என அறியப்பட்டனர். இவர்களிடம் ‘என்ன உணர்கிறாய்?’ என்று கேட்க முடிந்தது. கேட்டபோது ஒரு புதுமை வெளிப்பட்டது: பலருக்கு விடை தெரியவில்லை. உணர்ச்சி இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. பாஸ்டன் மருத்துவர் பீட்டர் சிப்னியாஸ் 1970களில் இந்நிலைக்கு ஒரு கலைச்சொல் ஆக்கினார். உணர்ச்சிக்குச் சொல்லின்மை என்று அதனைத் தமிழில் கூறலாம். ஆட்டிசம் உடையவருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இந்நிலை காணப்படுவதாகவும், பிறரிடம் 20இல் ஒருவர் அளவே காணப்படுவதாகவும் 2019இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. வயிறு கலங்குவது பசியாலோ அச்சத்தாலோ என்று பிரித்தறிய இயலாதவன், அச்சத்தைத் தணிக்க முற்படுவது எவ்வாறு?

மனித உணர்ச்சி எந்தெந்த இடத்தில் ஆளப்படக்கூடியது என்பதை ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலார் 1998இல் வகுத்துக் காட்டினார். ஐந்து வாயில்கள் உண்டென்றார் அவர். இரைச்சல் மிக்க திருமண மண்டபத்தை எடுத்துக் கொள்வோம். அங்குச் செல்வதா வேண்டாவா என்று தேர்வது முதல் வாயில். சென்றால், ஒலிபெருக்கியிலிருந்து விலகி அமர்ந்து நிலைமையைத் திருத்திக் கொள்வது இரண்டாவது. கருத்தை வேறொன்றில் செலுத்துவது மூன்றாவது. இந்த ஓசை என்னைக் கொல்லாது, சிறிது நேரத்தில் நிற்கும் என்று எண்ணத்தை மாற்றிக் கொள்வது நான்காவது. பொங்கியெழுந்த உணர்ச்சியை மூச்சினாலோ நடையினாலோ தணிப்பது ஐந்தாவது. நாம் அறியாமலே இவற்றைச் செய்கிறோம். ஆட்டிசம் உடைய இளைஞர் பலருக்கு இவற்றை ஒவ்வொன்றாகக் கற்பிக்க வேண்டியுள்ளது. ஐந்தாவது வாயிலில் நின்றுகொண்டு ‘அடக்கு, அடக்கு’ என்று கூவுவதே நம்மவர் வழக்கம். முதல் இரண்டு வாயில்கள் நம் கையிலும் இருக்கின்றன என்பதை மறந்து விடுகிறோம்.

1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் உருவாக்கிய சிந்தனைவழிச் சிகிச்சை, புது நூற்றாண்டில் இவ்விளைஞர்க்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் கேட் சோப்ரனாப், டோனி ஆட்வுட் முதலியோர் 2005இல் 71 சிறுவரிடம் இதனைச் சோதித்து, அச்சமும் பதற்றமும் குறைந்தமை கண்டனர். காய்ச்சல்மானி போல உணர்ச்சிமானி ஒன்று வரைந்து சினத்தின் அளவைக் குறித்தல், தச்சன் கருவிப்பெட்டி போல அமைதிக்கான வழிகளைத் தொகுத்து வைத்தல் ஆகியன அம்முறையின் உத்திகள். கண்ணாற் காண்பதை எளிதில் பற்றிக்கொள்ளும் மனத்துக்கு இவை பொருந்தின.

மற்றொரு கிளை நம் நாட்டவர்க்கு அயலானதன்று. 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின், பௌத்தத் தியான மரபிலிருந்து மனக்கவனப் பயிற்சியை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார். நிர்பய் சிங் என்ற ஆராய்ச்சியாளர், சினம் எழும் கணத்தில் கருத்தை உள்ளங்காலுக்குக் கொண்டு செல்லும் எளிய பயிற்சியைக் கற்பித்து, 2011இல் ஆட்டிசம் உடைய சில இளைஞரிடம் அதன் பயனைப் பதிவு செய்தார். காலணியின் உள்ளே விரல்களை அசைத்து, பாதம் தரையில் பதிவதை உணர்வது, அவ்வளவே. பின்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்லா மசெப்ஸ்கியும், சூசன் ஒயிட்டும் பதின்பருவத்தினர்க்கென்றே 16 வாரத் திட்டமொன்றை வகுத்தனர். தன் உணர்ச்சியைத் தானே கவனித்தல், துன்பத்தைச் சிறிது பொறுத்திருத்தல், பின்னர் தக்க வழியைத் தேர்தல் என்று படிப்படியாகச் செல்வது அது. 2019இல் வெளியான முதற் சோதனையில் பங்குற்றோர் 20 பேர், நற்பயன் காணப்பட்டது. சிறு சோதனைகளின் பயனைப் பெரிதாக்கிக் கூறுதல் தகாது. எனினும் திசை தெளிவாகிவிட்டது எனலாம்.

மருந்துகளும் உண்டு. கடும் சினத்தைத் தணிக்க ரிஸ்பெரிடோனை 2006இலும், அரிப்பிப்ரசோலை 2009இலும் அமெரிக்க அரசு ஏற்றது. சிலர்க்கு அவை உதவுகின்றன. உடற்பருமன் முதலிய பக்க விளைவுகளும் தருகின்றன. மருத்துவர் கண்காணிப்பின்றி அவற்றைக் கொடுத்தலோ, திடீரென நிறுத்தலோ ஆகாது. உணர்ச்சிக்குப் பெயர் கற்பிக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உணர்ச்சியை ஆளுதல் வேறு, மறைத்தல் வேறு. தம் இயல்பை நாள் முழுவதும் ஒளித்து நடிப்போர் சோர்வும் மனத்தளர்ச்சியும் உறுகின்றனர் என்று ஆட்டிசம் உடையவர்களே எழுதி வருகின்றனர். 1993இல் ஜிம் சின்க்ளேர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர் என்று பெற்றோரை நோக்கி எழுதினார். 2012இல் டேமியன் மில்டன், புரியாமை இருபக்கத்ததே என்று வாதித்தார்; அவர்களை நாம் புரிந்துகொள்ளாமையும் அக்குறையில் பாதி என்பது அவர் கருத்து. கையை உதறுவதும் முன்பின் ஆடுவதும் பலர்க்கு அமைதி தரும் வழிகள். பார்ப்போர்க்கு நாணமாயிருக்கிறது என்பதற்காக அவற்றைப் பறித்தல் முறையன்று.

நம் நாட்டில் 1991இல் ‘ஆக்ஷன் பார் ஆட்டிசம்’ என்ற அமைப்பு தில்லியில் தோன்றியது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் கூறி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அது இடம் பெற்றது. எனினும் உதவிகள் பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே. மீசை அரும்பியபின் அப்பிள்ளை எங்கே செல்வான் என்ற வினா பல இல்லங்களில் இரவில் எழுந்து அமர்கிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு வினாவும் உண்டு. என் நண்பரின் மகன் சிறுவனாயிருந்தபோது, ஆலோசகர் ஒருவர், இவனுக்கு இரு மொழி தாங்காது, வீட்டிலும் இந்தியே பேசுங்கள் என்றாராம். ஆறு ஆண்டுகள் அவ்வீட்டில் மகனிடம் தமிழ் பேசப்படவில்லை. ஊரிலிருந்து வந்த பாட்டி பேரனோடு பேச மொழியின்றித் திரும்பினார். தாயோ, தமக்கே இரவலான மொழியில் மகனுக்கு ஆறுதல் சொல்லத் திணறினார். அவ்வறிவுரைக்கு ஆராய்ச்சியின் சான்று இல்லை. கனடாவில் ஆட்டிசம் உடைய 75 குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, இரு மொழிச் சூழலில் வளர்ந்தோர் ஒரு மொழிச் சூழலில் வளர்ந்தோரை விட மொழியிற் பின்தங்கவில்லை என்று காட்டியது. பிள்ளைக்கு உணர்ச்சிச் சொல்லைக் கற்பிக்க வேண்டியவர், தம் உணர்ச்சி எம்மொழியில் ஊறுகிறதோ அம்மொழியில் கற்பிப்பதே இயல்பு. எரிச்சல், சலிப்பு, தவிப்பு, பதற்றம், ஏக்கம் என்று எத்தனை நுட்பமான வேறுபாடுகள்! நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது என்று உடலோடு உணர்ச்சியைப் பிணைக்கும் வழக்குகள் எத்தனை!

பின்னர் வேறோர் உளவியலாரின் துணையோடு அத்தாயார் ஓர் அட்டை எழுதினார். உணர்ச்சிமானிக்குப் பதில் பால் பாத்திரம் ஒன்றின் ஐந்து படங்கள்: ஆறியிருக்கும் பால், சூடேறும் பால், ஓரத்தில் நுரை கட்டும் பால், மேலெழும் பால், பொங்கி வழிந்த பால். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தமிழ்ச் சொல். நாள்தோறும் மாலையில் மகன் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டுவான். நுரை கட்டும்போதே தீயைத் தணிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பதியப் பல மாதங்கள் ஆயின.

சென்ற பொங்கலுக்கு அவர்கள் மறுபடியும் வந்தனர். ஒலிபெருக்கியின் ஓசையை நாங்கள் குறைத்திருந்தோம். பக்கத்து அறையொன்றை ஒழித்து அமைதியாக வைத்திருந்தோம். நடுவில் அவன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மூன்றாம் படத்தைத் தாய்க்குக் காட்டி, “அம்மா, நுரை” என்றான். தானே அந்த அறைக்குச் சென்றான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, சர்க்கரைப் பொங்கல் கேட்டு வாங்கி உண்டான்.

நேயர்களே! உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்திலும் இத்தகைய இளைஞர் இருக்கலாம். வாராது வீட்டிலே அமர்ந்திருக்கவும் கூடும். அவர்க்கென ஓர் அறை, சற்றுக் குறைந்த ஓசை, பின்னாலிருந்து குறை கூறாத நாக்கு ஆகிய மூன்றையும் நாம் அளிக்க இயலும். நூறாண்டு ஆராய்ச்சி கண்ட முடிபின் ஒரு பகுதி அவர்கள் கற்க வேண்டியது. மற்றொரு பகுதி நாம் கற்க வேண்டியது.